சாவி என்னிடம்தான் இருந்தது

நான் சிறப்பாசிரியை. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அப்படி என் பொறுப்பில் இருந்த ஒரு பையனுக்கென்று வந்த கருவியை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் வலியை யாருக்கும் சொல்ல முடியாமல் போனது. இன்று அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

அவனுக்கு மூளை முடக்குவாதம். சொல்வதெல்லாம் புரியும். பேச வராது. வலது கையைத் தூக்கி ஒரு பொருளின் மேல் வைக்க மட்டும் முடியும். அந்தக் கருவிக்கு அது போதும். உள்ளங்கையைவிடப் பெரிய சிவப்புப் பொத்தான். உள்ளே பேட்டரியும் ஸ்பீக்கரும். யாராவது ஒருவர் பேசிப் பதிவு செய்து வைத்தால், பிள்ளை அழுத்தும்போதெல்லாம் அது பேசும். படிப்பு வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். பேசுவது வீட்டு மனிதரின் குரல் என்பதால் எந்த மொழியும் அதற்குத் தடையில்லை. படுகர் வீட்டில் படுக மொழி பேசும். கூடலூர்ப் பக்கம் பணியர் வீட்டில் அவர்கள் மொழி பேசும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் லைன் வீட்டில் அவர்கள் தமிழையே பேசும்.

நான் அதில் பதிவு செய்திருந்தது ஒன்றே ஒன்று. 'வணக்கம் சார்.' அதுவும் என் குரலில். அதிகாரிகள் பார்வையிட வரும்போது பையன் அழுத்துவான். அவர்கள் என்னைப் பாராட்டுவார்கள். பிறகு கருவியைத் துடைத்துப் பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விடுவேன்.

ஒருநாள் அவன் அம்மா கேட்டார். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அத இங்கயே வெச்சிட்டுப் போறீங்களா? நான் வேலைக்குப் போயிட்டா அவன் பாட்டிகிட்ட ஒண்ணும் சொல்ல முடியாமத் தவிக்கிறான்."

பையனின் கை பொத்தான் மேல் இருந்தது. நான் அந்தக் கையை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"வேண்டாம்மா. இதுக்குப் பழகிட்டான்னா வாயத் திறக்கவே மாட்டான். வர்ற பேச்சும் வராமப் போயிடும்."

அது பொய். இருப்புப் பதிவேட்டில் கருவி என் பொறுப்பில் இருந்தது. பனியிலும் மழையிலும் கெட்டுப்போனால் தணிக்கையில் நான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் அதற்கு அறிவுரை வேடம் போட்டேன். இன்னொன்றும் உண்டு. அவனை வாயாலேயே 'அம்மா' என்று சொல்ல வைத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பவும் முடியாது. இத்தகைய உதவிகள் பேச்சைத் தடுக்குமா என்று மில்லர், லைட், ஷ்லாஸர் ஆகிய மூவர் முந்தைய ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்திருந்தேன். உறுதியான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. சென்னையில் அஜித் நாராயணன், வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, பேச முடியாதவர்களுக்காக உருவாக்கிய 'ஆவாஸ்' கருவி பற்றியும் தெரியும். பேச்சுக்கு மாற்றான வழிகளும் தகவல் தொடர்புதான் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதும் தெரியும். தெரிந்தே பூட்டினேன்.

அந்த மழைக்காலத்தில் அவன் சாப்பிட மறுத்தான். இரவெல்லாம் கத்தினான். தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். அவன் அம்மா என்னிடம்தான் கேட்டார். நான் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அடம் பிடிக்கிறான். கண்டுக்காதீங்க" என்றேன். சோற்றைத் தட்டிவிட்ட அன்று அவர் அவனை அடித்தார். காதிலிருந்து சீழ் வடிந்து தலையணை நனைந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில், செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். அலைச்சலில் அவருக்குக் கூலி போனது. கடன் ஏறியது. பேச முடியாத பிள்ளைக்குக் காதும் பழுதானது.

'வலிக்குது' என்று பதிவு செய்ய ஒரு நொடி போதும். எங்கே வலி என்று கருவி சொல்லியிருக்காது. ஆனால் வலி என்று தெரிந்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அடித்திருக்க மாட்டார்கள்.

இப்போது கருவி அவன் வீட்டில் இருக்கிறது. 'வலிக்குது, வந்து பாருங்க' என்று பக்கத்து வீட்டுப் பையன் பேசிக் கொடுத்தான். அவன் வயதுக் குரல். இதைப் பரிகாரம் என்று நான் சொல்லவில்லை. என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பீரோவில் இப்படியொன்று இருந்தால் இந்த வாரமே பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். உடைந்தால் விளக்கக் கடிதம் எழுதிக்கொள்ளலாம்.

அந்த அம்மாவிடம் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அடிச்சது நான்தானே டீச்சர்" என்றார். இன்றும் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. கொடுக்காதவள் நான். குற்றம் என்னுடையது, அவருடையது அல்ல.