பிறர் கண்ணால் பார்த்தவர்

சோப்புக் குமிழியின் ஆயுள் சில விநாடிகள். அந்த விநாடிகளில் நடப்பதை ஆராய்ந்து, 1873ல் இரண்டு தொகுதிகளாகப் புத்தகம் வெளியிட்ட ஜோசப் பிளாட்டோவுக்குக் கண் தெரியாது.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1832ல், சுழலும் வட்டில் படங்களை அசைய வைத்து, சினிமாவுக்கு முன்னோடியான கருவியைச் செய்தவர். பார்வையைப் பற்றியே ஆராய்ந்தவருக்கு 1843ல் பார்வை முற்றிலும் போயிற்று. 1829ல் சோதனைக்காக 25 விநாடிகள் சூரியனை வெறித்துப் பார்த்ததுதான் காரணம் என்பார்கள். விஞ்ஞானத்துக்குக் கண்ணையே கொடுத்தார் என்று சொல்லக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடையில் 14 ஆண்டுகள். கண்ணின் உட்புற அழற்சியே காரணமாக இருக்கலாம் என்பது பிற்கால மருத்துவக் கணிப்பு.

அவர் ஆராய்ச்சியை விடவில்லை. சோதனையை மனதிலேயே திட்டமிடுவார். மகனும் மருமகனும் மற்ற உதவியாளர்களும் செய்து பார்த்துச் சொல்வார்கள். கனசதுர வடிவக் கம்பிச் சட்டத்தை கிளிசரின் கலந்த சோப்புக் கரைசலில் முக்கி எடுத்தால், படலம் ஆறு முகங்களையும் மூடிக்கொள்வதில்லை. பன்னிரண்டு கம்பிகளிலிருந்தும் உள்நோக்கி ஓடுகிறது. நடுவே சின்னதாக ஒரு சதுரம் மிதக்கிறது. மொத்தப் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் படலம் கண்டுபிடிக்கும் வழி அது.

பார்க்கிறவர்களை முதலில் மயக்குவது நிறங்கள். படலம் மெலிய மெலிய நிறம் மாறும். மிக மெலிந்தபின் நிறமே இல்லாமல் கறுத்துத் தெரியும். ஆனால் 'அழகாக இருக்கிறது' என்ற பதிலை வைத்துக்கொண்டு பிளாட்டோ என்ன செய்வார்? எத்தனை படலங்கள் சேர்கின்றன, எந்தக் கோணத்தில்? எண்ணிச் சொல்ல வேண்டும், அளந்து சொல்ல வேண்டும். கண் இருந்திருந்தால் இவ்வளவு கறாராகக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

கிடைத்த விடை வியப்பானது. ஒரு விளிம்பில் கூடுவது எப்போதும் மூன்றே படலங்கள். இடையே 120 டிகிரி. ஒரு புள்ளியில் கூடுவது நான்கே விளிம்புகள். இடையே சுமார் 109.5 டிகிரி. பீர் நுரையானாலும் துணி துவைக்கும் நுரையானாலும், குமிழிகள் நெருங்கி அடைந்து நின்றால் இதே விதிதான்.

ஏன் இப்படி மட்டுமே அமைய வேண்டும் என்பதற்குக் கணித நிரூபணம் பிளாட்டோவிடம் இல்லை. அவர் 1883ல் காலமானார். அமெரிக்கக் கணித அறிஞர் ஜீன் டெய்லர் அதை நிரூபித்து வெளியிட்டது 1976ல்.