வலியறிதல்

கழுத்துவலியைப் பற்றி எழுத இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் இடமுண்டா என்று தயங்கினோம். ஆனால் கடந்த சில மாதங்களாக எங்கள் வீட்டில் வேறெதையும் பேசவில்லை, வாசிக்கவுமில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது. அதற்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கழுத்து எங்கள் வீட்டுக்காரருடையது. அதற்கான முடிவில் இருவருக்கும் பங்குண்டு. ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். அவர் நில அளவைத் துறையில் வரைவாளர். சாய்வு மேசையில் புலப்படங்களின்மேல் குனிந்தே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. கணினி வந்தபிறகும் அந்தக் குனிவு நிமிரவில்லை. மனிதத் தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அந்தச் சுமை முள்ளெலும்புகளின்மேல் நேராக இறங்கும். குனியக் குனியப் பிடரித் தசைகள் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கவேண்டும்.

2018 மார்கழியில் வலி தொடங்கியது. பிடரியில் பிறந்து, தோள்பட்டை ஏறி, வலக்கையின் வெளிப்புறமாக இறங்கிக் கட்டைவிரலில் வந்து முடியும். இரவில் கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டால்தான் உறக்கம். நொச்சி இலை ஒற்றடம், எண்ணெய், கழுத்துப்பட்டை, மாத்திரை என்று எல்லா வீடுகளும் போகும் பாதையில் நாங்களும் போனோம். 2019 தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு நடுவிலும் ஆறாம் ஏழாம் எலும்புகளுக்கு நடுவிலும் வட்டு பிதுங்கியிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர், அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் "ஆபரேஷன்தான், அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

நாங்கள் வேண்டாம் என்றோம். அச்சம் இல்லாமல் இல்லை. ஆனால் அச்சத்தால் மட்டும் மறுத்துவிடவில்லை. வாசிக்கும் பழக்கமுள்ள வீடு, வாசித்தோம். ஜப்பானில் எந்த உபாதையும் இல்லாத 1211 பேரின் கழுத்தைப் படமெடுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 87.6 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. அப்படியானால் பிதுக்கம் என்பது நரையைப் போல; படத்தில் தெரிகிறது என்பதற்காக அதுவே குற்றவாளி ஆகிவிடாது. கைக்கு இறங்கும் நரம்புவலி உடைய 81 பேரை அறுவை, பயிற்சி, கழுத்துப்பட்டை என மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1997-இல் சுவீடனில் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி முதலில் விரைவாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் மூன்று குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எங்கள் இயன்முறை மருத்துவரும் பொறுத்துப் பாருங்கள் என்றே சொன்னார். நான்காம் மாதம் கைவலி வடிந்தது. உறவுக்குள் நாங்கள் அறுவைக்கு எதிரிகள் என்று பெயர் பெற்றோம். அறுவை வேண்டாம் என்று ஒருவரைத் தேற்றவேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவார்கள்!

கைவலி போனது. கழுத்துவலி போகவில்லை. அது வீட்டில் ஒருவராகவே ஆகிவிட்டது. பேருந்தில் எந்தப் பக்கத்து இருக்கை, திரையரங்கில் எத்தனையாவது வரிசை, தலையணை எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றிலும் அதன் சொல்லே செல்லும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் உடம்போடு திரும்புவார். அதைப் பார்த்துப் பெரிய மனிதத் தோரணை என்று நினைத்தவர்களும் உண்டு.

மருத்துவமனைகளில் ஒரு கேள்வி கேட்பார்கள்: பத்துக்கு எத்தனை? தமிழில் நோவு, உளைச்சல், குத்தல், குடைச்சல், கடுப்பு, காந்தல், இழுவை என்று எத்தனையோ சொற்கள் இருக்க, அவற்றையெல்லாம் விட்டு ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். அவர் எப்போதும் "ஆறு" என்பார். ஆறு என்பது அவர் வலியின் அளவா, குணத்தின் அளவா என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வரைவாளர் அல்லவா, நடுவிலிருந்து சற்றே விலகி ஒரு கோடு.

சென்ற ஆண்டு ஆனியில் அந்த ஆறு நான்காகக் குறைந்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சி. அதே காலத்தில்தான் வேறு சில நடந்தன. கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியிலிருந்து காசோலை திரும்பிவந்தது. சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று; மேல் பொத்தானை விட்டுவிட ஆரம்பித்தார். ரசம் சோற்றைப் பிசையும்போது பருக்கைகள் விரலிடுக்கில் நழுவின. இரவில் மாடிப்படி இறங்குகையில் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்ல முடிந்தது. பேனா சரியில்லை, பொத்தான் துளை சிறிது, சோறு குழைந்துவிட்டது, படியில் வெளிச்சம் போதவில்லை.

மதுரையில் வேறொரு நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்கப் போனோம். அவர் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளைப் பார்த்தார். பத்து விநாடிக்குள் எத்தனை முறை கையை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணினார். இருபதாவது வரவேண்டுமாம், பதின்மூன்று வந்தது. குதிகாலும் பெருவிரலும் தொட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். வாழ்நாள் முழுதும் நேர்க்கோடு போட்ட மனிதர், நான்காவது அடியில் தள்ளாடினார். நடுவிரல் நகத்தை மருத்துவர் சுண்டினார். கட்டைவிரல், யாரும் கேளாமலே, உள்ளே மடங்கியது. கடைசியாக ஒரு கேள்வி: "நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்று போய், பிறகுதான் தெரியவருகிறதா?"

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது என்பது அன்றுதான் வீட்டில் மற்றவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பின்னரே படம் நிமிர்த்தப்பட்டது. 2019-இல் அழுந்தியிருந்தது ஒரு நரம்பின் வேர். கழுத்தில் எலும்பு ஏழு, நரம்பு எட்டு இணை. அவற்றில் ஒன்று நசுங்கினால் அது போகும் வழியெல்லாம் வலிக்கும், பெரும்பாலும் தானே ஆறும். இப்போது அழுந்தியிருப்பது தண்டுவடம். அது பல நேரங்களில் வலிக்காமலே கெட்டுப்போகும். கையின் நுண்மையையும் காலின் நிதானத்தையும் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளும். பதினெட்டு மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு, அவருக்குப் பதின்மூன்று. பன்னிரண்டிலிருந்து பதினான்கு வரை நடுத்தர பாதிப்பு. அந்த நிலையிலும் அதைவிடக் கடுமையான நிலையிலும் அறுவையே பரிந்துரை என்று 2017-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இலேசான பாதிப்புக்குத்தான் அறுவையா, மேற்பார்வையுடன் பயிற்சியா என்ற தேர்வு இருக்கிறது.

பிறகு மருத்துவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "கழுத்துவலி போகும் என்று நினைத்து இதைச் செய்துகொள்ளாதீர்கள். அது இருந்தாலும் இருக்கும். கைக்காகவும் காலுக்காகவும் செய்துகொள்ளுங்கள். போனது கொஞ்சம் திரும்பலாம், உறுதி சொல்ல மாட்டேன். இனிமேல் போவதை நிறுத்தப் பார்க்கிறோம்."

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. வகுப்பில் அந்தத் தலைப்பைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். வலி என்றால் அவர்களுக்கு நோவுதான். அங்கே வலி என்பது ஆற்றல் என்று விளக்க வேண்டியிருக்கும். ஒரே சொல்லில் இரண்டு பொருளும் இருக்கும் விந்தையை ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறோம். மதுரையிலிருந்து திரும்பும் பேருந்தில் அதுவே மனத்தில் ஓடியது. ஏழாண்டுகளாக அந்தச் சொல்லின் புதிய பொருளைப் பத்துக்கு எத்தனை என்று எண்ணிவந்தோம். மருத்துவர் கேட்டது பழைய பொருளை.

அறுவையின் முறை எங்களை முதலில் திகைக்க வைத்தது. நோவு பிடரியில், கத்தி மிடற்றில். கழுத்தின் முன்புறம் தோல்மடிப்பை ஒட்டிச் சிறிதாகக் கீறி, மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒருபுறம் ஒதுக்கி, முன்னாலிருந்தே எலும்பை அடைகிறார்கள். தண்டுவடத்தைத் தொடாமல் வட்டை எடுக்க அதுவே வழி. அமெரிக்காவில் சுமித்தும் ராபின்சனும் ஒருபுறம், ஹவாயில் கிளவர்டு மறுபுறம் என்று 1958-இல் வெளியிட்ட முறை. வட்டு இருந்த இடத்தில் ஒரு சிறு கூடும் எலும்புத்துணுக்கும் வைத்து, தைட்டானியத் தகட்டால் இறுக்குவார்கள். நாளடைவில் மூன்று எலும்பும் ஒன்றாகும். சில வாரம் விழுங்கச் சிரமம் இருக்கலாம். குரல்நரம்பு அயர்ந்து குரல் கம்மலாம், பெரும்பாலும் மீளும். (குரலை வைத்துப் பிழைப்பவர் எங்களில் மற்றவர். அது அவர் கழுத்தாக இருந்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்போம் என்ற கேள்வியைத் தள்ளிவைத்திருக்கிறோம்.) இணைத்த எலும்புகளுக்கு மேலும் கீழும் உள்ள வட்டுகள் பின்னாளில் தொல்லை தரலாம், 1999-இல் வந்த ஆய்வொன்று அதை ஆண்டுக்கு 2.9 விழுக்காடு என்று கணக்கிட்டது. தண்டுவடத்துக்கே சேதம் நேர்வது அரிது. அரிது என்ற சொல்லை மருத்துவர் சொல்லும்போதும் வீட்டில் இருப்பவர் கேட்கும்போதும் அதன் எடை ஒன்றாக இருப்பதில்லை.

உறவினர் செய்தி அறிந்து வந்தார்கள். "கழுத்துல கத்தி வச்சா ஆளு படுத்துருவாவ, நாம எத்தன பேரப் பாத்துட்டோம்" என்றார் மதினி. அவர் பார்த்தவர்களில் எத்தனை பேர் கத்தி வைத்ததால் படுத்தார்கள், எத்தனை பேர் வைக்காததால் படுத்தார்கள் என்று யார் கணக்கெடுப்பது? நாகர்கோவில் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் அழைத்துப் போனார்கள். அவர் செருப்பு கழன்ற கதையைக் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது தொடப்படாது. டாக்டர்ட்டயே போங்கோ" என்று காணிக்கையும் வாங்காமல் அனுப்பிவிட்டார். அந்த மனிதரிடம் எங்களுக்குப் பெருமதிப்பு.

'நாங்கள்' என்று எழுதிவந்தாலும் அதற்குப்பின் இரண்டு வாரம் நாங்கள் இரண்டு பேராக இருந்தோம். ஒருவர் உடனே செய்துவிட வேண்டும் என்றார். மற்றவர், மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியட்டும், பணி ஓய்வு வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். "2019-ல வேண்டாம்னு சொன்ன அதே வாய்தானே?" என்று ஒரு நாள் கேட்டார். அன்று வேண்டாம் என்றதும் இன்று வேண்டும் என்பதும் ஒரே அறிவிலிருந்து வருபவை. அன்று போகக்கூடியது வலி, இன்று போய்க்கொண்டிருப்பது கை. இதை எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், சொல்பவரின் மிடறு அல்லவே கீறப்படப்போவது. அந்த எண்ணம் வந்தபின் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவரே மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டார். சிலருக்குப் பல மாதம் அப்படியே நிற்கும், சிலருக்குப் படிப்படியாக இறங்கும், யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வழுக்கி விழுந்தால் மட்டும் ஒரே நாளில் இறங்கிவிடலாம் என்றார் மருத்துவர். எங்கள் வீட்டு மாடிப்படியில் பதினேழு படிகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய வரைபேனாவையும் மைப்புட்டியையும் இறக்கினார். அளவுகோல் இல்லாமல் ஒரு தாளில் கோடு இழுத்தார். அருகிலேயே இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு கோடுகள். தாளைத் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு கோட்டுக்காக மேலாளரிடம் திட்டு வாங்கியதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு தாளை மடித்து நாட்குறிப்புக்குள் வைத்துக்கொண்டு, "நாள் கேட்டுச் சொல்லிரு" என்றார்.

தீபாவளி கழிந்து இரண்டாம் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். காப்பீட்டுத் தாள்கள் சென்றுவிட்டன. படுக்கையை மாடியிலிருந்து கீழே இறக்கியாயிற்று. அத்தை அவருக்கு என்று மாவிளக்கு நேர்ந்திருக்கிறார்கள். தலைவழியாகப் போடும் பனியன் சில வாரம் கூடாது என்றதால் முன்பக்கம் திறக்கும் சட்டைகளே வேண்டும். பாளையங்கோட்டைச் சந்தையில் ஒரு தையற்காரர் நான்கு சட்டைகளுக்குப் பொத்தானை எடுத்துவிட்டு அழுத்துப் பொத்தான் வைத்துத் தந்தார். ஐந்தாவது சட்டையை அவர் கொடுக்கவில்லை. அது பழைய பொத்தான்களோடு அலமாரியில் இருக்கிறது.