கீரை வராத தெரு

மதுரையில் இரண்டு இடங்களில் குடியிருந்திருக்கிறேன். வளர்ந்தது அண்ணா நகரில், உழவர் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில். இப்போது இருப்பது நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயலாக இருந்து மனைகளாகப் பிரிந்த ஒரு குடியிருப்பில். இரண்டு வீட்டிலும் பக்குவம் ஒன்றுதான், அம்மாவிடம் படித்தது. ஆனால் தட்டுக்கு வருவது வேறு. அங்கே கீரை இல்லாத நாள் அபூர்வம். இங்கே கீரை கிடைத்த நாளை வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். வருமானம் குறையவில்லை, நாக்கும் மாறவில்லை. கடைதான் தூரமாகிவிட்டது.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அந்த அண்ணா நகர் சந்தைதான். 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள் மட்டுமே கடை போடலாம், இடைத்தரகருக்கு வேலையில்லை. அன்றைய விலையை அதிகாரிகள் மொத்தச் சந்தை நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்து பலகையில் எழுதி வைப்பார்கள். விவசாயிக்கு மொத்த விலையைவிடக் கூடுதலாகவும், வாங்குகிறவருக்கு வெளிக்கடையைவிடக் குறைவாகவும் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அலங்காநல்லூர் பக்கத்திலிருந்தும் மேலூர் பக்கத்திலிருந்தும் விடியுமுன்னே மூட்டைகள் வந்து இறங்கும். ஒரு அம்மாவிடம் சிறுகீரையும் பொன்னாங்கண்ணியும், பக்கத்தில் ஒருவரிடம் பிஞ்சுப் பீர்க்கங்காய், அடுத்தவரிடம் வாழைப்பூ. எங்கள் அம்மா என்ன சமைப்பது என்று வீட்டில் யோசித்ததே கிடையாது. பையோடு உள்ளே போவார்; எது பச்சையாக, எது மலிவாகக் கிடக்கிறதோ அதுதான் அன்றைய குழம்பும் பொரியலும். கொத்தவரங்காயையும் சுரைக்காயையும் நான் விரும்பிச் சாப்பிடக் கற்றுக்கொண்டது அப்படித்தான். அவை தினமும் கண்ணில் பட்டன.

இப்போதைய குடியிருப்புக்குள் ஒரே ஒரு அண்ணாச்சி கடை. பல்லாரி, உருளைக்கிழங்கு, தக்காளி, வாடாத முருங்கைக்காய் இருக்கும். முட்டை எப்போதும் இருக்கும். கீரை ஏன் வைப்பதில்லை என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "சாயங்காலத்துக்குள்ள வாடிப்போவுதும்மா. பத்துக் கட்டு வாங்கினா நாலு கட்டு குப்பைக்குப் போவுது. பாக்கெட்டுன்னா மூணு மாசம் கிடக்கும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு குறையும் காண முடியாது. கீரையில் வரும் நஷ்டம் முழுக்க அவர் தலையில் விழுகிறது. பிஸ்கட் பாக்கெட் கெட்டால் கம்பெனிக்காரர் மாற்றிக் கொடுக்கிறார். எங்கள் தெருவின் வாரச் சமையலை வரிசைப்படுத்தினால் அது அண்ணாச்சி அலமாரியின் வரிசையாகவே இருக்கும்: உருளைக்கிழங்கு வறுவல், முருங்கைக்காய் சாம்பார், முட்டைக் குழம்பு, ரசம் அப்பளம், மறுபடி உருளைக்கிழங்கு.

அந்தக் கடையை நான் குறைவாகப் பேசவே மாட்டேன். கட்டட வேலைக்கு வந்து எங்கள் பக்கம் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு நோட்டில் எழுதிக் கடன் தருவது அவர்தான். கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய்க்கு எண்ணெய் என்று நிறுத்துக் கொடுப்பதும் அவர்தான். அன்றாடக் கூலிக்காரருக்கு எந்த விலையில் கிடைக்கிறது என்பதற்குச் சமமாக எந்த அளவில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். ஐந்து லிட்டர் டின் வாங்கினால் லாபம் என்பது ஐந்து லிட்டருக்குக் காசு உள்ளவருக்குத்தான் லாபம். மொத்தமாக வாங்க முடிந்த வீடுகள் சம்பளம் வந்ததும் கீழமாசி வீதிக்குப் போய் மாதச் சாமான் எடுத்து வருகின்றன. முடியாதவர்கள் கூடுதல் விலை கொடுத்து அண்ணாச்சியிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள்.

மெயின் ரோட்டு முக்கில் கதை வேறு. கூப்பிடு தூரத்துக்குள் மூன்று சூப்பர் மார்க்கெட்டுகள் நிற்கின்றன. உள்ளே அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1929-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு நீளத் தெருவில் இரண்டு கடைகள் இருந்தால், ஒன்றின் வாடிக்கையாளரை மற்றது பிடிக்கப் பார்த்து இரண்டும் நடுவை நோக்கி நகரும். கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தெருக்கோடியில் இருப்பவரின் நடை குறையவே குறையாது. கடைக்காரர்கள் கெட்டவர்கள் என்பதல்ல; போட்டி இழுக்கும் திசை அது.

அந்த மூன்று கடைகளும் எதில் போட்டி போடுகின்றன என்று நின்று பார்த்திருக்கிறேன். எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கில்தான். அதில் எவ்வளவு தள்ளுபடி என்பதைச் சட்டென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளம்பரத் தட்டியில் போடலாம். தள்ளுபடியில் ஒரு பங்கைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும். அதனால் நூடுல்ஸுக்கும், ரீஃபைண்ட் எண்ணெய்க்கும், கலர் பானத்துக்கும் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் வருகிறது. அவரைக்காய்க்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை. அவரைக்காய்க்குப் பின்னால் கம்பெனி இல்லை. போட்டி வந்தால் விலை குறையும் என்பது சரி. எந்தப் பண்டத்தின் விலை குறைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பாக்கெட்டில் வருவது மலிந்துகொண்டே போகும்போது, வாடிப்போகிற பண்டம் விலை ஏறாமலேயே நமக்கு விலை கூடியதாகத் தெரிகிறது.

சட்டமும் அலமாரியைத் திருத்தும். 2022 ஜூலையில் 25 கிலோ வரை சிப்பமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. சீக்கிரமே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது.

ஆனால் தமிழ்நாட்டு வீடுகளின் உணவை எந்தத் தனியார் கடையைவிடவும் ஆழமாக மாற்றியது ரேஷன் கடை. என் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம். கேப்பைக் களியும் கம்பங்கூழும் அவருக்கு அன்றாடம்; நெல்லுச்சோறு தீபாவளிக்கும் விருந்துக்கும். அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல் என்று ஆனபோது, அதே தெருவில், அதே அட்டைக்கு, மாதம் தவறாமல் கிடைத்த தானியம் அரிசிதான். அதோடு துவரம் பருப்பும் பாமாயிலும். அந்த அரிசி பட்டினியைத் துரத்தியது. அதை நன்றியோடு சொல்கிறேன், ஏனென்றால் பசி என்ன செய்யும் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாசனமும் உயர்விளைச்சல் நெல்லும் கம்பங்கொல்லைகளைக் குறைத்ததும் இந்த மாற்றத்தில் பங்குதான். ஆனால் அதே அப்பத்தாவின் பேரப்பிள்ளைகள் இன்று களியைத் தொடமாட்டார்கள். "எங்களுக்குப் பிடிக்காது" என்கிறார்கள். அப்படிச் சொல்வது ரேஷன் அரிசி பழக்கிய நாக்கு. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அது எல்லா மாவட்டத்துக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தை மதித்துப் பேசவேண்டும். ஹன்ட் ஆல்காட்டும் அவருடைய சகாக்களும் 2019-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, ஏழைப் பகுதியில் புதிதாக சூப்பர் மார்க்கெட் திறந்தாலும் மக்கள் வாங்கும் பண்டங்கள் பெரிதாக மாறவில்லை என்று காட்டியது. ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான சத்துணவு வித்தியாசத்தில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் கடையாலும் விலையாலும் வருகிறது, மீதி 90 சதவீதம் வாங்குகிறவரின் விருப்பத்தால் வருகிறது என்பது அவர்கள் கணக்கு. கடையைப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும் என்று நம்பியவர்களுக்கு அது பலத்த அடி. ஆனால் அங்கே பெரும்பாலான வீடுகள் அதற்கு முன்பும் காரில் போய் வேறொரு சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்கின. புதுக் கடை வந்ததும் கடையை மாற்றினார்கள், கூடையை மாற்றவில்லை. நம் ஊரில் தூரத்தை அளப்பது கால். அதைவிட முக்கியம், விருப்பம் என்று அவர்கள் தனியாகப் பிரித்து வைத்த அந்த 90 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது. என் வீட்டுக் கதையை வைத்துச் சொன்னால், இன்றைய ருசி நேற்றைய கடை. ஓராண்டில் மாறாதது ஒரு தலைமுறையில் மாறும்.

கடையைத் தேடிப் போகும் வசதி எனக்கு உண்டு, ஸ்கூட்டர் இருக்கிறது. சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர், வேலை முடிந்து வரும் வழியில் பொடிமீன் வாங்கிக் குழம்பு வைத்திருப்பார். அவருக்கு வீடு கொடுத்தோம். அந்தச் சந்தையையும், முகம் பார்த்துக் கடன் கொடுத்த கடைக்காரரையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் பக்கம் இப்போது ஒரு தள்ளுவண்டி அக்கா வருகிறார். சாயங்காலம் வருகிறார் என்பதுதான் பெரிய விஷயம். உழவர் சந்தை விடியலில் களைகட்டி வெயில் ஏறுமுன் அடங்கிவிடும். காலையில் வேலைக்குப் பஸ் பிடிப்பவருக்கு அது எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான். அக்கா வந்த பிறகு எதிர்வீட்டில் அரைக்கீரை கடையும் வாசம் வருகிறது. மாடிவீட்டுப் பையன் புடலங்காய்க் கூட்டு கேட்கிறானாம். அக்கா கொண்டு வருவது எங்களைப் பழக்குகிறது, நாங்கள் கேட்பது அவர் வண்டியை மாற்றுகிறது. "அடுத்த வாரம் வாழைத்தண்டு போடுறேன்க்கா, யாரு யாரு வாங்குவீங்கன்னு மட்டும் சொல்லிருங்க" என்று வீடு வீடாகக் கேட்டுப் போகிறார். ஐந்து வீடு சொன்னால் அவருக்கு நஷ்டமில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சிலர் வண்டியைக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்கிறார்கள், பாதுகாப்பு என்று காரணம் சொல்லி. தெரு வியாபாரிகளுக்கு 2014-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வியாபாரத்துக்கு இடம் குறிக்கவேண்டிய நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கே இடம் உண்டு. அந்தச் சட்டம் எங்கள் கேட்டுக்குள் வராது என்று சிலர் வாதாடுகிறார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது பூங்காவுக்கு இடம் விட்டுத்தான் வரைபடம் போட்டோம். அந்தப் பூங்காவின் வேலியோரம் வேப்பமரத்தடியில் இரண்டு வண்டி நிற்க இடம் போதும். கையெழுத்துத் தாளோடு இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகிறேன். அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.