உருண்டைக் கல் சொல்லும் சேதி

மலையடிவாரத்துக்காரர்களான நமக்கு லீவு நாள் என்றால் கட்டுச்சோறும் ஓடைக்குளியலும்தான். ராஜபாளையத்தில் எங்களுக்கு அய்யனார் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்பு. புளியோதரை, மோர்மிளகாய், மாற்று உடுப்பு எல்லாம் மறக்காமல் எடுத்து வைப்போம். ஆனால் ஓடையில் கிடக்கிற பாறாங்கற்களை யார் நின்று பார்க்கிறோம்?

முனையே இல்லாமல் குழவி மாதிரி வழுவழுவென்று இருக்கும். சிலது ஆள் உயரம். நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பூங்காவிலும் இப்படிப் பாறைகள் உண்டு. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் பனிக்கட்டி ஆறு சுமந்து வந்து போட்டவை அவை. நம்ம மலையில் பனி ஏது? வெடித்து விழுந்த கற்களை மழை வெள்ளம்தான் உருட்டி, மோதவிட்டு, முனை மழுக்கியிருக்கிறது. அங்கே பனி எப்போதோ போய்விட்டது. இங்கே உருட்டின தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது!

ஒரு ஐப்பசியில் பிள்ளைகள் ஓடையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் கருமேகம். என் மாமியார் சட்டென்று எழுந்து, "ஏம்மா, தண்ணி கலங்குது பாரு. பிள்ளைகளைத் தூக்கு, தூக்குச்சட்டி கிடக்கட்டும்" என்றார். நாங்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்தில், உட்கார்ந்திருந்த பாறையே மூழ்கிவிட்டது. இதே மலைத்தொடரில் சதுரகிரியில் 2015 மே மாதம் வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரையே இழந்தார்கள். கோடை மழையையும் லேசாக நினைக்கக் கூடாது.

செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. அதற்காகவே 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. கிளைக்குக் கிளை தாவி, தரையில் இறங்காமலே அது காட்டைக் கடந்துவிடும். நமக்கு அது முடியுமா? ஓடையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அக்கரையில் இருக்கும்போது வெள்ளம் வந்தால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். மேட்டில் ஏறிக் காத்திருங்கள்.

தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே கரையேறுங்கள். கரையோர மரங்களில் சருகு சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த உயரம் வரைக்கும் வெள்ளம் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே ஜமுக்காளத்தை விரித்து, நிம்மதியாகப் பரிமாறுங்கள்.