உப்புப் பாத்தியும் உடற்காவலும்

கிழக்குக் கடற்கரைச் சாலையிற் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களை வெண்குவைகளாகக் கண்டு வியந்து போவர். அளத்திலுள்ளார்க்கு அவை எண்கள். கடல்நீரின் செறிவு பாமே என்னும் அளவையில் ஏறத்தாழ 3 பாகை. வெயிலிற் காய்ந்து 25 பாகையை எட்டின் உப்புப் படியும். 30ஐ நெருங்கவிடின் மகனீசியச் சத்துச் சேர்ந்து கசக்கும்.

என் பெரிய தந்தையார் முப்பது கோடை அப்பாத்திகளில் உழைத்தவர். அளவைக் கருவி அவரிடம் உண்டு. ஆயினும் நீரின் நிறத்தை நோக்கிய அளவிலேயே, “இன்றைக்கு என்னவோ சரியில்லை, தம்பி” என்பார். யாது சரியில்லை என வினவின் விடை கூறார். இன்னதென அறியாமலே வேறென்று அறிவது எங்ஙனம்?

இவ்வறிவைக் கணினிக்கு ஊட்ட முயன்றோர் நம் உடம்பையே ஆசிரியனாகக் கொண்டனர். மார்பெலும்பின் பின்னே தைமஸ் என்னும் சுரப்பி உளது. காவலணுக்கள் ஆங்கே பயில்கின்றன. ஒவ்வொன்றும் எதனைப் பற்றும் என்பது தற்செயலாய் அமைவது. உடலின் சொந்தப் பொருளையே வலிதிற் பற்றுவன அங்கேயே மாயும். எஞ்சியவை காவலுக்குப் புறப்படும். பகைவனை ஒருநாளும் கண்டிராத காவலன் அவனை இனங்காண்பது இவ்வாறே. 1994இல் ஸ்டெபனி பாரஸ்ட் அம்மையாரும் உடனாய்ந்தோரும் இதனைக் கணினி நெறியாக்கினர். தற்செயலாகப் பல சோதனைக் கோவைகளை ஆக்குவது. வழக்கமான தரவொடு பொருந்துவனவற்றைக் களைவது. எஞ்சியவற்றுள் ஒன்றேனும் புதிய தரவொடு பொருந்தின், வேற்றுப்பொருள் புகுந்ததெனக் கூவுவது. அவர்கள் முதற்கண் கருதியது கணினியுட் புகும் வைரஸை. நம் தருக்க நூலார் கூறும் ஒழிபளவை இதற்கு மிக அணித்தென்பது என் கருத்து. தமிழ் பயில்வோன் வேறென் சொல்வான்! எறும்பையும் பறவைக் கூட்டத்தையும் பின்பற்றிய நெறிகளும் உள. அவை பெரும்பாலும் நல்வழி தேடுவன, ஆதலின் விடுத்தேன்.

இடர் ஒன்றுண்டு. வழக்கம் எனப்படுவது நிலைத்து நிற்பதன்று. செறிவு முற்றிய நீர் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களாற் செந்நிறம் பெறும். இளநீரை மட்டும் பயின்ற பொறி அதனைப் பகையென்று அலறும். பெரிய தந்தையாரோ மகிழ்வார். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அத்தகைய வெள்ளத்தின் பின் பல நாள் பாத்தியின் இயல்பே வேறாகும்.

இனி, பொய்க்கூவலுக்கும் விலை உண்டு. மழையென்று நள்ளிரவில் எழுப்பினால் முதிராத உப்பை வாரிக் கூலியிழப்பர். எழுப்பாதொழியின் விளைந்ததெல்லாம் கரையும். எத்துணைப் பொருத்தத்தைப் பொருத்தமெனக் கொள்வது? அதனை இந்நெறி தானே வகுப்பதில்லை. ஒருவர் வரையறுத்தல் வேண்டும். அவ்வொருவர் நகரத்து அறையில் இருப்பவராயின் இழப்பு அவரைச் சாராது.

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் பெரிய தந்தையார்க்கு விளக்கினேன். பொறுமையுடன் கேட்டவர், “வீணாக எத்தனை தடவை எழுப்பும்?” என்றார். நீங்கள் வகுக்கும் அளவைப் பொறுத்தது என்றேன்.

“அப்படியானால் வைகாசியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுப்பட்டும். பங்குனியில் தூங்கவிடச் சொல்” என்றார்.