அந்த எண் எங்கிருந்து வந்தது?

கல்லூரியை முடித்த கையோடு கன்சல்டிங் நிறுவனத்தில் சேரும் பிள்ளைகளிடம் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "22 வயசுல நீ யாருக்கு என்ன ஆலோசனை சொல்லப்போற?" நியாயமான கேள்விதான். முப்பது வருடமாகத் தொழிற்சாலை நடத்துகிறவருக்கு, போன மாதம்வரை பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? இந்தத் தொழிலில் நெடுநாள் இருந்து, இப்போது புதிதாக வருகிறவர்களைப் பழக்கிக்கொண்டும் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் இது: முதல் வருடம் உங்களிடம் யாரும் ஆலோசனை கேட்க மாட்டார்கள். நம்பி முடிவெடுக்கக்கூடிய ஓர் எண்ணைக் கேட்பார்கள். அதைக் கொண்டுவந்து கொடுப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம்.

கல்லூரியிலிருந்து நேராக ஆள் எடுக்கும் வழக்கம் இத்தொழிலில் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில், ஆலோசகர் என்றால் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த நிறுவனத்தைப் பின்னால் வழிநடத்திய மார்வின் போவர்தான் 1950-களில் ஹார்வர்டில் படித்து முடித்த இளைஞர்களைச் சேர்க்க ஆரம்பித்தார். மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். இன்று ஐஐடிகளில் டிசம்பர் முதல் தேதி வளாக நேர்காணல் தொடங்கும்போது, முதல் நாளிலேயே இந்த நிறுவனங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அந்த நேர்காணலுக்கு மாணவர்கள் மாதக்கணக்கில் தயாராகிறார்கள். "சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்கும்?" என்ற மாதிரிக் கேள்வி வரும். மக்கள்தொகை, அதில் வெளியே சாப்பிடுகிறவர்கள், அவர்களில் இட்லி கேட்பவர்கள், ஒரு தட்டுக்கு எத்தனை என்று பிரித்துப் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். விடை என்னவாக இருந்தாலும் பெரிதில்லை, பிரித்த விதம்தான் பார்க்கப்படும். நல்ல பயிற்சிதான். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகும் சிலர் அந்த நேர்காணல் அறையிலேயே தங்கிவிடுகிறார்கள். தோராயமாகப் போட்ட எண்ணையே உண்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள். நிஜத் தொழிற்சாலையில் எண்ணுக்கு ஓர் ஊர் உண்டு, எழுதிய கை உண்டு, எழுதிய நேரம் உண்டு. அதைத் தேடிப் போக வேண்டும்.

சென்னைக்கு மேற்கே, வாகனங்களுக்கான பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலை. ஆர்டருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, புது மெஷின்கள் வாங்கலாமா என்பது முதலாளியின் கேள்வி. இருக்கிற மெஷின்கள் எவ்வளவு நேரம் சும்மா நிற்கின்றன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மெஷின் நின்ற நேரத்தை எழுதிவைக்க ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. என் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அதைப் பக்கம் பக்கமாக எக்செல்லில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பார்த்தால், எல்லா நிறுத்தங்களும் 15 நிமிடம், 30 நிமிடம், 45 நிமிடம். ஒரு 7 இல்லை, ஒரு 22 இல்லை.

மெஷின் கால்மணிக் கணக்குப் பார்த்து நிற்பதில்லை. ஷிஃப்ட் முடியும் தறுவாயில், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், சூப்பர்வைசர் நினைவிலிருந்து எழுதியவை அவை. அவர்மேல் குற்றமில்லை. எட்டு மணி நேரம் மெஷின்களை ஓட்டுவதுதான் அவர் வேலை, எழுதுவது கடைசியில் ஒட்டிக்கொண்ட சுமை. ஆனால் அந்த எண்களை வைத்து எவ்வளவு அழகான வரைபடம் போட்டாலும் அது நினைவின் வரைபடம்தான். மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய பொருளின் பங்கு மூன்றையும் பெருக்கித் தொழிற்சாலையின் திறனைச் சொல்வது வழக்கம். 90, 95, 99 சதவீதம் என்று வைத்தால் பெருக்கல் ஏறக்குறைய 85-இல் வந்து நிற்கும். முதல் எண் கற்பனை என்றால் மற்ற இரண்டும் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

அந்தப் பெண் இரவு ஷிஃப்டில் போய் மெஷின் பக்கத்தில் நின்றாள். கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. மோல்டு (வார்ப்பு அச்சு) மாற்றும்போது, பழைய மோல்டில் கடைசி நல்ல பீஸ் விழுந்த நொடியிலிருந்து, புதிய மோல்டில் முதல் நல்ல பீஸ் விழும் நொடிவரை என்னென்ன நடக்கிறது என்று எழுதினாள். போல்ட் கழற்றுவதும் மாட்டுவதும் கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு: கிரேன் வேறொரு மெஷினில் இருக்கிறது, மோல்டு சூடேற வேண்டியிருக்கிறது, தண்ணீர் ஹோஸ் எங்கே என்று ஒருவர் தேடிப் போயிருக்கிறார். விடிகாலையில் டீ குடிக்கும்போது ஃபிட்டர் அவளிடம் சொன்னார்: "மேடம், மோல்டு மாத்த நேரம் ஆகல. கிரேன் வரத்தான் ஆகுது. இதை நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்." அவள் கேட்டாள்: "யார்கிட்ட சொன்னீங்க அண்ணே?" அவர் சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார். மெஷினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியது எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று பிரித்தார். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் நான்கு மணி நேரம் பிடித்த டை (அச்சு) மாற்றம், கடைசியில் மூன்று நிமிடத்துக்கு வந்தது. இங்கும் அதே பாடம்தான்: மோல்டை முன்கூட்டியே சூடேற்றி வைப்பது, கிரேனுக்கு முறை வகுப்பது, ஹோஸை மெஷின் அருகிலேயே மாட்டிவைப்பது. புது மெஷின் வாங்கும் பேச்சு தள்ளிப்போனது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. விடை அந்த ஃபிட்டரிடம் ஏற்கனவே இருந்தது. நமது பங்கு, அவர் சொன்னதை அளந்து, முதலாளி மறுக்க முடியாத வடிவத்தில் மேஜைக்குக் கொண்டுபோனது. அவ்வளவே, ஆனால் அது சின்ன வேலை அல்ல. இப்படியான நேரத்தில் ஃபிட்டரின் பெயரைச் சொல்லாமல் நம் கண்டுபிடிப்பாகக் காட்டுவதை நான் திருட்டு என்றே சொல்வேன். முடிவுகளைச் சொல்லும் கூட்டத்துக்கு அவரையும் அழைத்து உட்காரவைக்கச் சொன்னோம். தொழிலாளர் யோசனை சொல்வது இங்கே புதிதல்ல. சென்னைப் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் 1998-இல், தர மேலாண்மைக்கான டெமிங் விருது பெற்றது. டிவிஎஸ் மோட்டார் 2002-இல் பெற்றது. கைசன், அதாவது சின்னச் சின்ன மேம்பாட்டு யோசனைகள், எழுதிப் பழகிய கைகள் நிறைந்த வட்டாரம் இது. லேப்டாப்போடு உள்ளே நுழையும் புதியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தையும் புதிதாகப் பழக வேண்டும். நம் பள்ளிக்கூடங்கள் முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் கருத்தைச் சொல்லப் பழக்கியிருக்கின்றன. இங்கே தலைகீழ். 1963-இல் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ வகுத்த பிரமிடு முறைப்படி, விடை முதலில், காரணங்கள் அதன் கீழே. "மோல்டு மாற்ற நேரம் – ஆய்வு" என்று ஸ்லைடுக்குத் தலைப்பு வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். "மோல்டு மாற்றத்தில் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு கிரேனுக்கான காத்திருப்பு" என்று எழுதினால், அதைச் சொல்லும் தைரியமும் ஆதாரமும் இருக்கிறதா என்று எழுதுகிறவரே தன்னைக் கேட்டுக்கொள்வார்.

விமானப் பயணம், ஹோட்டல் அறை, நள்ளிரவுவரை ஸ்லைடு திருத்துவது பற்றியெல்லாம் வெளியில் நிறையப் பேசுகிறார்கள். உடம்பைக் கெடுக்கும் வேலைநேரம் இங்கே உண்டு, அதைப் பெருமையாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. செலவுக் குறைப்புத் திட்டங்களில் ஆள்கணக்கு என்று ஒரு எக்செல் ஷீட் வரும். ஒரு வரி ஒரு மனிதர். காண்ட்ராக்ட் தொழிலாளர் என்றால் பல நேரம் பெயர்கூட இருக்காது, எண்ணிக்கை மட்டும் இருக்கும். அந்த வரியை நீக்கினால் மிச்சமாகும் தொகை பக்கத்துக் கட்டத்தில் உடனே வந்துவிடும். அவர் என்ன வேலை செய்கிறார், அவர் இல்லாத நாளில் என்ன ஆகிறது என்று போய்ப் பார்க்காமல் எந்த வரியையும் நீக்கக் கூடாது என்பது என் குழுவில் விதி. சில நேரம் பார்த்த பிறகும் நீக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் பார்த்துவிட்டுச் செய்வதற்கும் பார்க்காமல் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த டிசம்பரில் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: சம்பளம் என்ன என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். "கேள்வி இருக்கிறதா?" என்று அவர்கள் கேட்கும்போது, முதல் வருடத்தில் என் வேலையை யார் வரிக்கு வரி சரிபார்ப்பார், கிளையன்ட் இடத்தில் வேலை நடக்கும் தளத்துக்கு நான் போக முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் சொல்லும் நிறுவனத்தில் சேருங்கள்.