தறியில் உட்காரும் முன்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக் கடைகளின் ஷட்டர்கள் மேலேற இன்னும் நாலு மணி நேரம் ஆகும். ஏகாம்பரநாதரைப் பார்க்கச் சென்னையிலிருந்து கிளம்பிய வேன்கள் சுங்குவார்சத்திரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் மட்டும் அடுப்பு எரிகிறது. பெயர்ப் பலகை இல்லை, மேசை நாற்காலி இல்லை. ஒரு பெரிய இட்லிப் பானை, இரண்டு எவர்சில்வர் தூக்கில் சட்னி, மூடி போட்ட குண்டானில் சாம்பார். அவ்வளவுதான் கடை.

கடைக்காரம்மாவைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். தட்டைக் கவிழ்க்கிறார், துணியின் முதுகில் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார், ஓரத்தைப் பிடித்து உரிக்கிறார். ஒரு இட்லிகூடத் துணியோடு போவதில்லை. தலையை நிமிர்த்தாமலே யார் வந்திருப்பது என்று தெரிந்துவிடுகிறது.

தூக்கோடு ஒரு பையன் வருகிறான்.

"பத்து இட்லிக்கா. காரச் சட்னி தனியா. நைனா பாவு கட்டினு இருக்காரு, சீக்கிரம் குடு."

"இன்னாடா, பத்துதானா? அண்ணன் துன்னலயா?"

"அவனுக்கு நைட் ஷிப்டு. இன்னும் பஸ்ஸு வர்ல."

அவன் நைனா கட்டிக்கொண்டிருக்கும் பாவு தெருவிலேயே தெரிகிறது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. மூன்று சேலைக்கான பட்டிழை தெருவின் பாதி நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் வீட்டு ஆட்கள் நின்று, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிகிறார்கள். பால்காரர் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போகிறார். ஹாரன் அடிக்கவில்லை. இந்தத் தெருவில் பாவுக்குத்தான் முதல் வழி.

திண்ணைக்குக் கீழே, படியில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிடுகிறார். அறுபதை நெருங்கும் வயது. முழங்காலை மெதுவாக மடக்குகிறார், குழித்தறியில் கால் தொங்கவிட்டே கழிந்த வருஷங்கள் அந்த மடக்கலில் தெரிகின்றன. நாலு இட்லி, சாம்பார் இரண்டு தரம். பேச்சே கிடையாது. முடித்ததும் தெருக்குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். துண்டில் துடைத்துவிட்டு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். மறுபடி கழுவுகிறார். எண்ணெய்க் கை பட்டால் பட்டில் கறை இறங்கிவிடும். பத்துப் பதினைந்து நாள் நெய்த சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அந்த ஒரு பொட்டுக் கறைக்குக் கூலியில் பிடித்தம் விழும். நன்றாக உலர்ந்த கையோடுதான் அவர் உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் கேட்கிறது.

காஞ்சியில் உள்ளூர்க்காரர் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்பவர்கள் ஓட்டல் பெயரைக் கேட்கிறார்கள். நேரத்தைக் கேட்க வேண்டும். இந்த ஊரின் பசி தறியை ஒட்டி நடக்கிறது. கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓட வேண்டும். மூன்று நாடா, இரண்டு ஆள். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் கையும் நின்றுவிடும். அதனால் பதினோரு மணி டீ தறிக்கே வருகிறது. டீக்கடைப் பையன் பித்தளைத் தூக்கோடு வீடு வீடாக நுழைந்து, குழியோரத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போகிறான். நாடாவைப் பிடித்த கை ஓரிரு நிமிஷம் ஓய்கிறது. அந்த டீயை வெளியூர்க்காரர் எந்தக் கடையிலும் பார்க்க முடியாது.

யாத்திரை ஊர்கள் எல்லாவற்றிலும் பஸ் நிலையத்தைப் பார்த்த ஓட்டல்கள் ஒரு தடவை வந்து போகிறவருக்காகச் சமைக்கின்றன. திண்ணை அக்கா நாளைக்கும் வருகிறவருக்காகச் சமைக்கிறார். சட்னியில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் வேறு காட்சி. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாத ஸ்டாலில் கோயில் இட்லி வந்திருக்கிறது. பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை விரித்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்தது. உருளையாக வெளியே வருவதை வில்லை வில்லையாக அறுக்கிறார்கள். பக்கத்தில் நின்றாலே சுக்கும் இலையும் சேர்ந்த வாசனை. ஓட்டல்களில் இதே பெயரில் டம்ளரில் ஊற்றி, முந்திரி பதித்துத் தருவது ருசியாகவே இருக்கும், ஆனால் மந்தாரை இலையின் மணம் அதில் வராது. ஸ்டாலில் உள்ளூர்ப் பெண் ஒருவர் வாங்குகிறார்.

"சம்பந்தி வீட்லருந்து வர்றாங்க, ரெண்டு துண்டு பெரிசா போடுங்க சாமி."

இவர் வீட்டில் காலையில் வெந்தது சாதா இட்லிதான். கோயில் இட்லி விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும். வைகாசி கருட சேவைக்குப் பெருமாள் வீதிக்கு வரும் நாளில் தெரு முழுக்க நீர்மோரும் பானகமும் ஓடும். இதே கோயிலின் அத்திவரதர் விழா 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தபோது ஒரு கோடிப் பேருக்கு மேல் இந்த ஊருக்கு வந்து போனார்கள். அத்தனை பேரில் எத்தனை பேர் பிள்ளையார்பாளையம் பக்கம் திரும்பியிருப்பார்கள்!

நெசவாளர் வீட்டில் பிரியாணி வாசனை வருவதற்கும் ஒரு நாள் உண்டு. சேலை அறுத்துக் கொடுத்துக் கூலி கைக்கு வந்த சாயங்காலம். பாய் கடையில் பார்சலுக்கு நிற்கும் வரிசையில் யாரிடம் இன்று பணம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும், யாரும் கேட்பதில்லை. எண்ணெய்க் கை பற்றிய கவலையும் அன்று இல்லை. தறி மறுநாள்தான்.

ஊற்றிக் கொடுக்கும் கடையைப் பற்றியும் வெளியூர்க்காரர் விசாரிப்பதுண்டு. கோவாவிலோ புதுச்சேரியிலோ கேட்பது போல இங்கே கேட்டுப் பயனில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஊருக்கு ஊர் அதே கடை, அதே கம்பிவலை. காஞ்சிக்காரர் மனம்விட்டுப் பேசுவது மூங்கில் மண்டபம் பக்கத்து டீக்கடைகளில். சாயங்காலம் அங்கே நின்றால் ஜரிகை விலையும் பையன் வேலையும் காதில் விழும்.

பையன் வேலை என்றால் இப்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்களுக்காக டீக்கடைகள் விடியுமுன்பே திறக்கின்றன, பரோட்டா கல் நடுநிசி வரை சூடாகவே இருக்கிறது. மாதச் சம்பளத்தைத் தேடிப் போகிற பிள்ளையை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் தறி ஒவ்வொன்றாக நிற்கும்போது, அந்தத் தெருவில் பாவும் நிற்கிறது, பதினோரு மணி டீயும் நிற்கிறது, இட்லித் திண்ணையும் நிற்கிறது. வேதனையாக இருக்கிறது. பட்டுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதை நெய்கிறவர்களின் காலைச் சாப்பாட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஏழே கால். ராத்திரி ஷிப்டு அண்ணன் கடைசியில் வந்துவிட்டான். அக்கா கேட்காமலே ஆறு இட்லி வைக்கிறார். நின்றபடியே சாப்பிடுகிறான். "நைனா உக்காந்துட்டாரா?" என்று கேட்கிறான். "எப்பவோ," என்கிறார் அக்கா.

காஞ்சிக்குப் போகிறவர்கள் முந்தின நாள் இரவே போய்த் தங்குங்கள். விடிந்ததும் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து போங்கள். பாவு கட்டிய தெருவில் ஓரமாக நடங்கள், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் வீட்டு வாசல். சில்லறை கொண்டுபோங்கள். எட்டு மணிக்கெல்லாம் மாவு தீர்ந்துவிடும்.